தார் பாலைவனத்தில் 4 நாள் கேம்பிங்: கும்மிடிப்பூண்டியில் இருந்து கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு என்ன?

பொங்கல் லீவு நெருங்கும்போது டிரிப் பேச்சு ஆரம்பிச்சிடும். 'இந்த தடவை ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம். ராஜஸ்தான் போய் மணல்மேட்டுல டென்ட் அடிக்கலாம்' என்று சிப்காட் நண்பர்கள் குரூப்பில் யாராவது ஒருத்தர் ரீல்ஸ் ஒன்றைத் தட்டிவிட்டால் போதும், மற்றவர்கள் பேக் எடுத்துவிடுவார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் பாலைவனப் பயணத்தில் தப்பு நடப்பது பெரும்பாலும் மணலில் இல்லை, வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போதுதான்.

2024 ஆகஸ்டில் வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். சவுதி அரேபியாவில் வேலை பார்த்துவந்த தெலங்கானா இளைஞர் ஒருவரும், அவருடன் சென்ற சூடான் நாட்டவரும் ரப் அல் காலி பாலைவனத்தில் வழிதவறினார்கள். ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை, செல்போனில் சார்ஜ் தீர்ந்தது, வண்டியில் எரிபொருளும் தீர்ந்தது. சில நாட்கள் கழித்து வண்டிக்குப் பக்கத்திலேயே இருவரின் உடல்களும் கிடைத்தன. தார் பாலைவனம் அவ்வளவு ஆளரவமற்ற இடம் இல்லை. ஆனால் அங்கேயும் விதி இதுதான்: எதுவும் ஒற்றையாக இருக்கக்கூடாது.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். ராஜஸ்தானில் இருக்கும் பலோடியில் 2016 மே 19-ம் தேதி 51 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது. ஆஸ்திரேலியாவில் சிம்ப்சன் பாலைவனப் பூங்காவையே கோடையில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுகிறார்கள். நம்ம ஊரில் அப்படிப் பூட்டு போட ஆள் இல்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல். பகலில் டி-ஷர்ட் போதும், ராத்திரி 5 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கும்மிடிப்பூண்டி மார்கழிக்கு வாங்கிய போர்வை அங்கே பத்தாது.

வண்டியிலேயே போய்விடலாமா?

போகலாம், ஆனால் ஜெய்சல்மேர் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு வழிக்கே மூன்று, நான்கு நாள் ஓடிவிடும். பொங்கல் லீவுக்குள் இது அடங்காது. பத்து, பன்னிரண்டு நாள் லீவு கிடைக்காதவர்கள் ஜோத்பூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து உள்ளூர் ஓட்டுநரோடு ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுப்பதே புத்திசாலித்தனம். செல்ஃப் டிரைவ் வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை முழுசா படிங்க. மணலில் ஓட்டவே கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம்.

எப்படிப் போனாலும் குறைந்தது இரண்டு வண்டி வேண்டும். ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று. ஒன்று நின்றுபோனால் ஊருக்குத் திரும்ப இன்னொன்று.

தண்ணீர் எவ்வளவு?

நான்கு பேர், நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். குடிக்க ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், சமைக்கவும் கழுவவும் 3 லிட்டர், மொத்தம் 8. பயணம் நான்கு நாள் என்றாலும் கணக்கு ஆறு நாளுக்குப் போட வேண்டும். வண்டி நின்றுபோனால் ஆள் வந்து சேரும்வரை அந்த இரண்டு நாள் தண்ணீர்தான் உயிர்.

4 பேர் x 6 நாள் x 8 லிட்டர் = 192 லிட்டர். நம்ம பாஷையில் சொன்னால் பத்து கேன் தண்ணி. எடை மட்டும் 200 கிலோவுக்குப் பக்கம், அதாவது மூன்று ஆள் கூடுதலாக ஏறிய மாதிரி. வண்டிக்கு ஐந்து கேன் எனப் பிரித்து ஏற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி, அந்த வண்டியே சிக்கிக்கொண்டால் கதை முடிந்தது.

டீசல், பெட்ரோல்?

ரோட்டில் 12 கிலோமீட்டர் மைலேஜ் தரும் வண்டி, மணலில் 6 தந்தால் பெரிய விஷயம். மணலில் மொத்தம் 300 கிலோமீட்டர் என்றால் 50 லிட்டர். வழிதவறினால் சுற்றி வர மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 67 லிட்டர் ஆகிறது. மஹிந்திரா தார் வண்டியின் டேங்க் 57 லிட்டர், மாருதி ஜிம்னிக்கு 40 லிட்டர். மீதியைத் தனியாகக் கொண்டுபோகத்தான் வேண்டும். பெட்ரோல் என்றால் உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் சட்டம் அனுமதிக்கிறது. கசியாத உலோக கேனில், ஆட்கள் உட்காரும் இடத்தில் இருந்து தள்ளி வைக்க வேண்டும்.

மணலில் எப்படி ஓட்டுவது?

முதல் வேலை காற்றை இறக்குவது. ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மணலில் 15 முதல் 18 வரை. காற்று குறைந்தால் டயர் தட்டையாகி அதிக இடத்தில் பரவும், பாரம் பிரியும், புதையாது. திரும்ப ரோடு ஏறும்போது காற்று நிரப்ப வண்டியில் கம்ப்ரஸர் கட்டாயம்.

மேட்டில் நேராக ஏறி நேராக இறங்குங்கள். பக்கவாட்டில் போனால் வண்டி உருளும். உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தாவாதீங்க. புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாக இறங்கும். இறங்கி மண்வெட்டியால் மணலைத் தள்ளி, டயருக்கு முன்னால் பலகை வைத்து மெதுவாக எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பயிற்சி எடுக்க பழவேற்காடு கடற்கரைக்கு வண்டியை விட வேண்டாம். பொங்கல் சமயம் ஆமைகள் முட்டையிட வரும் காலம்.

எங்கெல்லாம் போகக்கூடாது?

பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பல பகுதிகளுக்கு வெளியூர்க்காரர்கள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஜெய்சல்மேர் மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். பொக்ரான் போன்ற ராணுவப் பயிற்சித் திடல்களில் வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம், அந்தப் பக்கமே திரும்பாதீங்க. 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவன தேசியப் பூங்கா, அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயிலின் வீடு. தரையில் முட்டையிடும் பறவை அது. இஷ்டத்துக்கு வண்டி ஓட்டினால் டயரில் நசுங்குவது அதன் முட்டையாக இருக்கலாம்.

கேம்ப் ஃபயருக்கு மரம் வெட்டுவதும் கூடாது. நம்ம ஊர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரத்தைத்தான் அங்கே கேஜ்ரி என்கிறார்கள். அதை வெட்டவிடாமல் தடுத்து 1730-ல் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்த மண் அது. சமையலுக்கு கேஸ் ஸ்டவ் போதும்.

சிக்னல் இல்லாவிட்டால்?

வளைகுடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் உறவினர்கள் சாட்டிலைட் போன் வைத்துக்கொண்டு பாலைவனம் போவார்கள். 'அதைக் கொஞ்சம் அனுப்பி வைங்க மாமா' என்று கேட்டுவிடாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவியோ இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

அப்படியென்றால் என்ன வழி? ஆஃப்லைன் மேப் இரண்டு போனில், அச்சிட்ட மேப் ஒன்று, பவர் பேங்க். இவற்றைவிட முக்கியம், ஊரில் இருக்கும் ஒரு ஆள். ஃபேக்டரியில் ஷிப்ட் முடியும்போது லாக் புக் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்கிறோம் இல்லையா? அதே மாதிரி, எந்த நாள் எந்தப் பாதை, எங்கே தங்கல், வண்டி எண்கள், எத்தனை பேர், கடைசி ஊரின் காவல் நிலைய எண் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். கூடவே ஒரு நேரமும்: 'ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்குள்ள போன் வரலைன்னா போலீசுக்குச் சொல்லுங்க.' பொத்தாம்பொதுவாக 'வந்துடுவோம்' என்று சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் தயங்கித் தயங்கியே ஒரு நாளைக் கடத்திவிடுவார்கள்.

வண்டி நின்றுபோய் உதவிக்கு ஆளும் இல்லை என்றால், வண்டியை விட்டு நடக்காதீங்க. தேடி வருபவர்கள் கண்ணுக்கு மனிதரைவிட வண்டிதான் சீக்கிரம் தெரியும். வண்டி நிழலில் உட்கார்ந்து, கேனில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருங்கள். அந்தத் தாள் வீட்டில் சரியான ஆளிடம் இருந்தால், உங்களைத் தேட யாரோ கிளம்பியிருப்பார்கள்.