மலையேறும் எஞ்சினும் வலுக்கடத்தலும்

கொழுந்து ஏற்றிய லொறி முதலாம் கியரில் முனகியவாறு மேடேறுவதைத் தோட்டங்களில் நாள்தோறும் காண்கிறோம். கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் புகையிரதத்துக்கு அத்தகைய கியர் ஏன் இல்லை என மாணவர் வினவுவதுண்டு. அங்கே ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி ஏற்றம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து 1954 இல் வரத்தொடங்கிய எம் 2 எஞ்சின்களுக்கோ ஏறத்தாழ 1,400 குதிரைவலு. அவ்வளவையும் கிளச்சின் உராய்வுத் தட்டு வழியே, நின்றிருக்கும் பாரவண்டித் தொடருக்குச் செலுத்தினால் தட்டு கருகிவிடும். கியர் மாற்றும் கணத்தில் இழுவையும் அறுபடும். ஏற்றத்திலே அது பொல்லாத கணம். ஆகவே டீசல் எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்குகிறது. அவற்றுக்குப் புறப்படும்போதே முறுக்குவிசை மிகுதி.

1969 இல் ஜேர்மனியின் ஹென்ஷல் நிறுவனம் செய்தளித்த டபிள்யூ 1 எஞ்சின்களில் எண்ணெய்யே வலுவைக் கடத்துகிறது. பாரம் குறைவு, ஆனால் மெல்ல ஏறுகையில் எண்ணெய் சூடேறும். நேர்கோட்டில் பாயும் பந்தயக் காருக்குப் பாரக்குறைவு பெரும்பேறு. மலைப்பாதையிலோ பாரமே சக்கரத்தைத் தண்டவாளத்தோடு அழுத்திப் பற்றவைக்கிறது. மழையில் நனைந்த சப்பிரகமுவைத் தண்டவாளத்துக்கு மின்முறையே ஏற்றதென்பேன்.