சிறு தொட்டிக்கு ஏற்ற ராஸ் மீன்கள்
பவளப்பாறைத் தொட்டி வளர்ப்போர் பெரிதும் நாடும் ராஸ் மீன்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட லாப்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. விரல் நீளத்தைத் தாண்டாத மீன்களும், 2 மீட்டர் வரை வளரும் நெப்போலியன் ராஸும் இக்குடும்பத்தில் அடங்கும். 100 லிட்டர் கொள்ளும் சிறு தொட்டிக்கு மீன் வாங்குபவர் முதலில் நீளத்தைக் கேட்பது இயல்பு. ஆயினும் மீனின் இயல்பும் உணவுமுறையுமே அதைவிட முக்கியமானவை.

செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை வாழும் ஆறுகோட்டு ராஸ் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. தொட்டியில் தொல்லை தரும் தட்டைப்புழுக்களையும் ஒட்டுண்ணி நத்தைகளையும் உண்பதாலும், நிறம் கண்ணைக் கவர்வதாலும் அதனைப் பலர் வாங்குகின்றனர். ஆனால் இடம் குறுகும்போது அது தொட்டி முழுவதையும் தன் ஆட்சி எல்லையாகக் கொண்டு, பின்னால் வந்து சேரும் சாதுவான மீன்களை ஓயாமல் விரட்டி, உண்ணவிடாமல் செய்து, சில வேளைகளில் சாகவும் அடித்துவிடும்.

துப்புரவு ராஸின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. பிற மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளையும் அவற்றின் மேல்தோல் சளியையும் உண்டு வாழும் இம்மீனுக்கு, பாறைத்திட்டில் நாள்தோறும் எண்ணற்ற மீன்கள் தாமே தேடிவந்து உடலைக் காட்டும். நான்கைந்து மீன்களே உள்ள தொட்டியில் அவ்வுணவு கிடைக்க வழியில்லை என்பதால், மாற்று உணவுக்குப் பழகாதது மெலிந்து மடிகிறது. அதனைச் சிறு தொட்டிக்கு வாங்காமல் விடுவதே அறம். மணலுக்குள் புதைந்து உறங்கும் ஹாலிகோரிஸ் இனங்களுக்குப் பல சென்டிமீட்டர் ஆழ மணலும் நீந்தத் திறந்த வெளியும் தேவை.

உண்மையில் பொருந்துவன வெட்மோரெல்லா பேரினத்தைச் சேர்ந்த குட்டி ராஸ்களே. 8 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும் இவை, பாறை இடுக்குகளின் நிழலில் மெல்ல மிதந்தவாறு, துடுப்புக்காலிகள் எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளைப் பொறுக்கி உண்கின்றன. கூச்ச இயல்புடையவை ஆதலால், பிற மீன்களுக்கு முன்பே இவற்றைத் தொட்டியில் விட்டு, குகை போன்ற பொந்துகளை அமைத்து, துடுப்புக்காலிகள் பெருகச் சில மாதங்கள் பழகிய பாறைகளையே பயன்படுத்த வேண்டும். ராஸ்கள் பெரும்பாலும் மிரண்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்பதால், நுண்கண் வலைமூடி ஒன்று தொட்டியின் மேல் எப்போதும் இருத்தல் வேண்டும்.