ஐ.வி.பி. எக்ஸ்ரே எடுக்கணுமா? முந்தின நாளே தயாராகுங்க!

விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இறங்கும் வலியோடு மருத்துவமனைக்குப் போகிறீர்கள். பரிசோதித்த டாக்டர், சீட்டில் "ஐ.வி.பி." என்று எழுதித் தேதி போட்டுக் கொடுக்கிறார். (சிலர் "ஐ.வி.யூ." என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.) கூடவே பேதி மாத்திரை, "வெறும் வயித்தோட வாங்க" என்று ஒரு வார்த்தை. வெளியே வந்த பிறகுதான் கேள்விகள் முளைக்கும். கல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க எதுக்குப் பேதி மாத்திரை? சுகர் மாத்திரை போடலாமா? தண்ணி குடிக்கலாமா?

முதலில் பரிசோதனை என்னவென்று பார்த்துவிடுவோம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், பல வகைக் கற்களும் தெரியும். ஆனால் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் தெரியாது. அதனால் அயோடின் உள்ள ஒரு மருந்தைக் கை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும்போது, அது போகும் பாதை முழுவதும் படத்தில் வெள்ளையாகத் தெரியும். எங்கே அடைப்பு, எந்தப் பக்கம் நீர் தேங்குகிறது என்பது அதில் புரியும். 1929-ல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த முறை இது. இன்று பல இடங்களில் சி.டி. ஸ்கேன் இதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்றாலும் ஐ.வி.பி. இன்னும் வழக்கொழிந்து போகவில்லை.

இப்போது பேதி மாத்திரைக்கு வருவோம். நம் குடல் சிறுநீரகத்துக்கும் குழாய்க்கும் முன்னால் திரை மாதிரி கிடக்கிறது. அதில் மலமும் வாயுவும் நிறைந்திருந்தால் படத்தில் திட்டுத் திட்டாக நிழல் விழும். நாலு மில்லிமீட்டர் கல் அதற்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும். அப்புறம் என்ன? "இன்னொரு நாள் வாங்க" என்பார்கள். திரும்பவும் ஊசி, திரும்பவும் கதிர்வீச்சு, திரும்பவும் ஒருநாள் கூலி போச்சு. பேதியாகுமே என்று பயந்து மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு நடப்பது இதுதான். சொன்ன நேரத்தில், சொன்ன அளவு போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைக்குப் பதிலாக விளக்கெண்ணெய் குடித்துக்கொள்ளலாமா என்பதை டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

முந்தின நாள் சாப்பாடு லேசாக இருக்கட்டும். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், கஞ்சி போதும். கீரை, கொண்டைக்கடலை, வாழைக்காய், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், சோடா, கலர் வேண்டாம். பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு, சூயிங்கம் ஆகியவற்றையும் தள்ளி வையுங்கள். மெல்லும்போதும் புகை இழுக்கும்போதும் காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் கொஞ்சம் நடந்தால் வாயு கலையும்.

தண்ணீர் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ஒரு காலத்தில் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரை நிறுத்தச் சொன்னார்கள். மருந்து கெட்டியாக நின்று படம் பளிச்சென்று விழும் என்ற எண்ணம். ஆனால் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் பாரம். சுகர் உள்ளவர்கள், வயதானவர்கள், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாகத்தோடு கிடக்கவே கூடாது. "சாப்பாடு எத்தனை மணி வரை? தண்ணி எத்தனை மணி வரை?" என்று இரண்டு கேள்வியாகத் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டியவை. உங்கள் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கட்டும். சிறுநீரகம் இந்த மருந்தைத் தாங்குமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வரும் சுகர் மாத்திரை மெட்ஃபார்மினாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை உடம்பில் தேங்கி ஆபத்தாகலாம். நிறுத்தணுமா, எத்தனை நாளைக்கு என்பதை டாக்டர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள், பட்டினி கிடக்கும் காலையில் எவ்வளவு போடுவது என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

முன்பு எப்போதாவது ஸ்கேன் ஊசி போட்டு அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான தகவல். ஆஸ்துமா, தைராய்டு பிரச்சனையையும் சொல்லுங்கள். "எனக்கு இறால் ஒத்துக்காது, அப்போ இதுவும் ஒத்துக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. பெண்கள், மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லையா? கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறதே! மாத்திரை அட்டைகளைப் பெயர் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பழைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றையும் அதேபோல. பேதி மாத்திரைக்கு ஒரு அலாரம், கடைசிச் சாப்பாட்டுக்கு ஒரு அலாரம். ராத்திரி சந்தேகம் வந்தால் 104-ஐக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

அன்றைக்கு, தாயத்து, வெள்ளி அரைஞாண், சட்டைப்பைச் சில்லறை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரைஞாணில் கோத்த சின்ன உலோகக் குண்டு படத்தில் கல் போலவே தெரியலாம்! ஊசிக்கு முன் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும். ஓரிரு நிமிடத்தில் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் அரிப்பு, மூச்சு இறுக்கம், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் என்றால் அந்த நிமிடமே சொல்லுங்கள். பிறகு சில நிமிட இடைவெளியில் படங்கள் எடுப்பார்கள். குழாயில் மருந்து நிற்பதற்காக வயிற்றில் பட்டை கட்டி இறுக்குவதும் உண்டு. அண்மையில் வயிற்று ஆபரேஷன் ஆகியிருந்தால் அதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும். வழக்கமாக ஒரு மணி நேர வேலை. அடைப்பு இருந்தால் மருந்து மெதுவாக இறங்கும், மத்தியானம் வரைகூட காத்திருக்கச் சொல்லலாம். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசிப் படத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

முடிந்ததும் சாப்பிடலாம். டாக்டர் தண்ணீருக்கு அளவு வைத்திருந்தால் தவிர, நிறையக் குடியுங்கள். சிறுநீரின் நிறம் மாறாது. மருந்துக்கு நிறமே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு தோலில் தடிப்பு வந்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ மருத்துவமனைக்குத் திரும்பிப் போங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் 108.