டைனமோவின்மீது வீண்பழி

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனர் வண்டிகளுள் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றில் விளக்கு மங்கி, பாட்டரி அடிக்கடி இறங்குமாயின் பழி உடனே டைனமோவின்மீது விழுகிறது. நல்ல டைனமோவும் இவ்வாறு கழற்றி எறியப்படுவதுண்டு.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது. அது அதன் இயல்பேயன்றிப் பழுதன்று. ஆகவே, அவ்வேளையில் சிவப்பு விளக்கு மினுக்குவது கண்டு அஞ்ச வேண்டா. வேகம் கூடியும் விளக்கு அணையாவிடின் முதலில் பெல்ட்டை நோக்குக. தளர்ந்திருப்பின் இறுக்கினாலே போதும்.

பெல்ட் செம்மையாயின், டைனமோவின் 'டி', 'எஃப்' முனைகளில் உள்ள கம்பிகளைக் கழற்றிவிட்டு, அவ்விரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். அவற்றுக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட்மானியை வைத்து, எஞ்சினை மெல்ல விரைவுபடுத்துக. இவ்வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்தது. இக்கால வண்டிகளுக்கு இது நேர்மாறு. ஆதலின் மானியின் நேர்முனையை உடலில் வைக்க வேண்டும். முள் தடையின்றி ஏறினால் டைனமோ குற்றமற்றது. 20 வோல்ட்டைத் தாண்ட விடலாகாது. முள் அசையவே இல்லையெனில் கார்பன் துண்டுகளைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டளவில் நின்றுவிட்டால் நிலைச்சுருளையும், 4-5 வோல்ட்டளவில் நின்றால் சுழலும் சுருளையும் ஐயுறலாம்.

டைனமோ தேறிவிட்டதா? இனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கலாம். ஆனால் பாட்டரியின் கம்பியைக் கழற்றிய பின்னரே. உள்ளே தொடுமுனைகளில் கரி படிந்திருப்பின், குற்றவாளி அங்கேதான் இருக்கக்கூடும்.