அப்பாயியின் சுண்ணாம்பு டப்பி

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மருந்து, புகையிலை, மது, போதைப்பொருள் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் பெரிய மண்டையோடு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அது சலித்துப்போயிருந்தது. எண்பது வயதிலும் பீடி பிடிக்கும் ஒரு தாத்தாவாவது எல்லாத் தெருவிலும் இருக்கிறார்; மண்டையோட்டை யார் நம்புவார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், எங்க அப்பாயி பொகையிலையோட சுண்ணாம்பும் சேத்துப் போடுவாங்க. பொகையிலை சரி. சுண்ணாம்பு எதுக்கு சார்?"

தயார் செய்து கொண்டுபோன குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும், போக வேண்டிய எல்லா இடத்துக்கும் போய்விடலாம்.

நம் வாயின் உட்தோலில் உள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் சுற்றியிருக்கிறது. மின்னூட்டம் உள்ள மூலக்கூறு வந்தால் அந்தப் படலம் லேசில் வழிவிடாது. மின்னூட்டம் இல்லாதது வந்தால் நழுவி உள்ளே போய்விடும். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் இந்த இரண்டு வேடங்களையும் போடும். எந்த நேரத்தில் எந்த வேடம் என்பதை, அது கரைந்திருக்கும் நீரின் அமில, காரத் தன்மைதான் முடிவு செய்கிறது. அதை அளக்கும் பி.ஹெச். அளவுகோலில் 7 நடுநிலை. எச்சில் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது. அங்கே நூறு நிக்கோட்டின் மூலக்கூறுகளில் சுமார் ஒன்பதுதான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். சுண்ணாம்போ காரம். அது கலந்து அளவு 9-ஐத் தொட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்: நூற்றில் தொண்ணூறு மூலக்கூறுகள் நுழையத் தயாராக நிற்கும்.

பள்ளிக்கூடப் படி ஏறாத அப்பாயி, கட்டைவிரல் நகத்தால் சுண்ணாம்பை வழித்தெடுக்கும்போது செய்வது சுத்தமான வேதியியல். ஆண்டிஸ் மலைவாசிகளும் கோக்கா இலையைச் சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்துத்தான் மெல்கிறார்கள். கோக்கெய்ன் இருக்கும் இலை அது. இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஒரு பெருங்கடல் கிடந்தும் கண்டுபிடித்த தந்திரம் ஒன்றே.

சரி, உள்ளே போன நிக்கோட்டின் எங்கே போகிறது? அதற்கு முன்னால், புகையிலைச் செடி எதற்காக அதைத் தயாரிக்கிறது? நமக்காக இல்லை, புழுவுக்காக. செடி நிக்கோட்டினை வேரில் தயாரித்து, தண்டு வழியாக இலைக்கு ஏற்றி அனுப்புகிறது. புழு இலையைக் கடித்தால் வேருக்குச் செய்தி போகும், தயாரிப்பு கூடும். தின்ற பூச்சியின் நரம்புகள் தாறுமாறாகத் துடித்து அது பெரும்பாலும் செத்து விழும். மனிதன் ஆசையாக இழுப்பது ஒரு செடி தனக்கென்று செய்து வைத்த பூச்சிமருந்தை.

பூச்சியின் நரம்பில் வேலை செய்வது மனிதனிடமும் எப்படிச் செல்லுபடியாகிறது? இந்தப் புதிரின் முதல் முடிச்சை அவிழ்க்க உதவியதும் நிக்கோட்டின்தான். 1905-இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி என்ற உடலியலாளர் ஒரு கோழியின் தசைக்குப் போகும் நரம்பை வெட்டி, அது செயலற்றுப் போகும்வரை காத்திருந்தார். பிறகு தசையில் நிக்கோட்டினை வைத்தார். நரம்பு இல்லாமலேயே தசை சுருங்கியது. தென்னமெரிக்க வேட்டைக்காரர்கள் அம்பில் தடவும் குராரே நஞ்சைச் சேர்த்ததும் அந்தச் சுருக்கம் நின்றது. அப்படியென்றால் தசையிலேயே ஏதோ ஒன்று இருக்கிறது; நிக்கோட்டினும் குராரேயும் அந்த ஒன்றுக்காகத்தான் போட்டியிடுகின்றன. அதை அவர் 'ஏற்கும் பொருள்' என்றார். இன்று நாம் 'ஏற்பி' என்கிறோம். செல்லின் மேல் பதித்த பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு இருந்தால் சொந்தச் சாவியும் இருக்க வேண்டுமே. அதைத் தேடிய ஆஸ்திரியாவின் ஆட்டோ லூவி சொன்ன கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். 1921 வாக்கில் ஓர் இரவு, ஒரு சோதனையைக் கனவில் கண்டு, எழுந்து காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இந்தத் தடவை காகிதத்தை நம்பாமல் நேராக ஆய்வகத்துக்கு ஓடினார். உப்புநீரில் துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார்; துடிப்பு மெதுவானது. அந்த நீரை எடுத்து, நரம்பே தொடாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு பேசுவது மின்சாரத்தால் மட்டுமல்ல, ஒரு ரசாயனத்தாலும்தான் என்று அன்று தெரிந்தது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். 1936-இல் ஹென்றி டேல் என்ற அறிவியலாளருடன் சேர்ந்து லூவி நோபல் பரிசு பெற்றார். அசிட்டைல்கோலினுக்கு நம் உடலில் இரண்டு வகைப் பூட்டுகள் உண்டு. அதில் ஒரு வகைக்கு நிக்கோட்டின் கள்ளச்சாவி. பூச்சிக்கும் நமக்கும் அந்தப் பூட்டு பொது.

கடைசி பெஞ்சில் இப்போது யாரும் தூங்கவில்லை. "அப்ப கஞ்சாவுக்கும் பூட்டு இருக்கா சார்?" என்று ஒரு குரல் வந்தது.

இருக்கிறது. கஞ்சாவுக்கும் முன்னால் கசகசாச் செடியிடமிருந்து தொடங்க வேண்டும். அதன் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். 1973-இல் மூளையில் அதற்கான பூட்டு கண்டுபிடிக்கப்பட்டது. எங்கோ வயலில் பூக்கும் செடிக்கு மனித மூளை ஏன் பூட்டு வைத்திருக்கிறது? இரண்டே ஆண்டில், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில், பன்றி மூளையிலிருந்து விடை வந்தது. வலியைத் தணிக்க மூளை தானே சாவிகளைச் செய்கிறது. கஞ்சா பொருந்தும் பூட்டின் சொந்தச் சாவி 1992-இல் இஸ்ரேலில் கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆம், நம் ஆனந்தமேதான். சமஸ்கிருதச் சொல்லை எடுத்து ரசாயன வால் ஒட்டியிருக்கிறார்கள்.

கள்ளச்சாவி எந்நேரமும் பூட்டில் கிடந்தால் மூளை சும்மா இருக்காது. அபினி வகைச் சாவி என்றால் பூட்டுகளை மந்தமாக்கும், சிலவற்றைக் கழற்றி எடுத்துவிடும். அதே பலனுக்கு அடுத்த முறை கூடுதல் அளவு தேவைப்படும். நிறுத்திச் சில வாரம் ஆனதும் பூட்டுகள் பழைய நிலைக்கு வந்துவிடும். அப்போது ஒருவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். விட்டுவிட்டு மறுபடி தொடும்போது பலர் இறப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மருந்து எது, போதை எது? பல சமயம் பொருள் ஒன்றே. பாதையும் வேகமும்தான் வேறு. நுரையீரலின் காற்றறைகளை எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். இரண்டு படுக்கையறை வீட்டின் தரை அளவு. அத்தனை பரப்பிலும் ஒரே நேரத்தில் ரத்தம் உரசிக்கொண்டு ஓடுகிறது. அதனால் இழுத்த புகையின் நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. ஷூ லேஸ் கட்டும் நேரம். புகைப்பதை விட விரும்புகிறவருக்கு மருத்துவர் தோலில் ஒட்டத் தரும் நிக்கோட்டின் பட்டையில் இருப்பதும் அதே மூலக்கூறுதான். அது பல மணி நேரம் எடுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குகிறது. அது மருந்து.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? குரங்குகளை வைத்து வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் செய்த சோதனை இதற்கு விடை தருகிறது. குரங்குக்குத் திடீரென்று பழச்சாறு கிடைத்தால் அதன் மூளையில் டோப்பமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் படபடக்கும். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் சாறு வருமாறு பழக்கினால், படபடப்பு சாற்றை விட்டு விளக்குக்கு இடம் மாறிவிடும். விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், சாறு வர வேண்டிய அந்தக் கணத்தில் செல்கள் அடங்கிப்போகும். டோப்பமைன் ருசியைச் சொல்வதில்லை, 'எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் என்ன வித்தியாசம்' என்று கணக்கு எழுதுகிறது. காரணமும் பலனும் எவ்வளவு நெருக்கமாக வருகின்றனவோ, அந்தக் கணக்கு அவ்வளவு அழுத்தமாகப் பதியும். பத்து விநாடி என்பது மிக நெருக்கம். டீக்கடை, தீப்பெட்டி உரசும் சத்தம், ஒரு நண்பனின் முகம் எல்லாமே பிறகு விளக்காகிவிடும்.

பதின்ம வயதில் இந்தக் கணக்குப்பிள்ளைக்கு வேகம் அதிகம். 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும் நெற்றிப்பக்க மூளையோ முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. அதே ஆண்டுகளில்தான் மூளை பயன்படாத இணைப்புகளைக் கத்தரித்து, பயன்படும் வழிகளைக் கெட்டிப்படுத்துகிறது. புதிதாகத் தார் ஊற்றிய சாலையில் எந்த வண்டியின் தடம் விழுகிறதோ அதுவே தங்குகிறது.

விழுங்கும் மாத்திரையின் கதை வேறு. குடலில் உறிஞ்சப்பட்டதும் அது நேராக மூளைக்கோ காய்ச்சலுக்கோ போவதில்லை. முதலில் கல்லீரல் என்ற சுங்கச்சாவடிக்குத்தான் போக வேண்டும். நெஞ்சுவலிக்காரர்கள் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது இந்தச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போகத்தான். அப்பாயி புகையிலையைக் கன்னத்தில் அடக்குவதும் அதே சுற்றுவழிதான்! சாவடியில் வரி வசூல் மட்டுமா, ஆள்மாறாட்டமும் நடக்கிறது. சிலவகை இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன் தானாகப் பெரிதாக எதுவும் செய்யாது. கல்லீரலில் ஒரு நொதி அதில் பத்தில் ஒரு பங்கு வரை மார்ஃபினாக மாற்றுகிறது. அந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. அவர்களுக்கு வலி குறையாது. சிலருக்கு அது மிதமிஞ்சி வேலை செய்கிறது. சாதாரண அளவே மூச்சை அடக்கிவிடலாம். பல நாடுகளில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கோடீனைத் தரக் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான். 'அவனுக்குக் கேட்டுச்சு, உனக்கும் கேட்கும்' என்று அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துக் கொடுக்கும் நண்பனுக்கு உங்கள் கல்லீரலைப் பற்றி எதுவும் தெரியாது.

மது இந்தப் பூட்டுச் சாவிக் கதைக்குள் ஒழுங்காக அடங்காத முரடு. மிகச் சின்ன மூலக்கூறு. நீரிலும் கலக்கும், கொழுப்பிலும் நுழையும். மூளையை அடக்கும் பூட்டுகளை இன்னும் தீவிரமாக வேலை செய்யவைக்கிறது, முடுக்கும் பூட்டுகளை அடைக்கிறது. அது வெளியேறும் விதமும் விசித்திரம். பெரும்பாலான மருந்துகள் இத்தனை மணிக்கொரு முறை பாதி, பிறகு அதில் பாதி என்று குறையும். மது அப்படியல்ல, கல்லீரல் நொதி என்ற ஒரே கவுன்ட்டர் திறந்திருக்கும் ரேஷன் கடை வரிசை. கூட்டம் எவ்வளவு நின்றாலும் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் நகரும். 650 மி.லி. பீர் பாட்டில், 5 சதவீதம் என்றால் அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

"மோர் குடிச்சா தெளிஞ்சிருமாமே சார்?" என்றான் ஒருவன். வீட்டில் பார்த்த அனுபவம் போலிருக்கிறது. மோரும் கருப்புக் காப்பியும் தலையில் ஊற்றும் குளிர்ந்த நீரும் இரண்டாவது கவுன்ட்டரைத் திறப்பதில்லை.

இந்தக் கவுன்ட்டரில்தான் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளும் நடந்தன. 2024 ஜூன் மாதம் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். சாதாரண ஆல்கஹாலைவிட ஒரு கார்பன் அணு குறைவு. மெத்தனால் அப்படியே இருக்கும்வரை பெரிய கேடில்லை. கல்லீரலின் நொதி அதையும் ஆல்கஹால் என்றெண்ணி ஃபார்மால்டிஹைடாக்கி விடுகிறது. அது பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. சிலவகை எறும்புகள் கடித்த இடத்தில் எரியும் அதே அமிலம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அது அடைக்கிறது. கண் நரம்புதான் முதல் பலிகளில் ஒன்று. இந்த மாற்றத்துக்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள்தான் 'கண் மங்குது' என்பார். இதற்கான முறிவு மருந்துகளில் ஒன்று என்ன தெரியுமா? சாதாரண ஆல்கஹாலேதான், மருத்துவமனையில் அளந்து கொடுக்கப்படுவது. நொதிக்கு மெத்தனாலைவிட அதன்மேல் பிரியம் அதிகம். அது கவுன்ட்டரை அடைத்துக்கொண்டு நிற்கும்வரை மெத்தனால் நஞ்சாக மாறாமல் காத்துக்கிடக்கும்; அதற்குள் ரத்தச் சுத்திகரிப்பு மூலம் அதை வெளியே எடுத்துவிடலாம்.

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கலைந்த பிறகும் மூன்றாவது பெஞ்சுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அப்பாயியின் கன்னத்து உட்புறத்தில் வெள்ளைத் திட்டு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். பார்த்ததில்லை என்றாள். டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், வாய்ப் புற்றுநோய் சில சமயம் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்றேன். தலையாட்டினாள்.

"அதுவரைக்கும் சுண்ணாம்பு டப்பியையாவது ஒளிச்சு வெச்சுப் பாரேம்மா" என்றேன், பாதி விளையாட்டாக.

கொஞ்ச நேரம் விரலை மடக்கி யோசித்தாள். "வெச்சாலும் நூத்துக்கு ஒம்போது நுழைஞ்சுருமே சார்."

நான் மறந்தே போயிருந்தேன்.