துடைப்பமும் தீர்ப்பும்

விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களுக்கு அவ்வூரார் எடுத்துச் சொல்லும் பெருமைகள் இரண்டு. ஒன்று, மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தகிரீசுவரர் ஆலயம். மற்றொன்று பீங்கான். மின்சாரப் பியூஸ் கட்டை முதல் நவராத்திரிக் கொலு பொம்மை வரையில் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் பிசிரை நீக்கி வர்ணம் தீட்டுகிற பெண்களுக்குக் கண் வலிக்கும், இடுப்பு வலிக்கும். களிமண் தூசி நெஞ்சில் படிந்து இருமலும் வரும். இவர்களைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம்.

2005-ஆம் வருஷத்தில் 'இந்தியா டுடே' பத்திரிகை பெருநகரவாசிகளின் காதல், தாம்பத்தியப் பழக்கங்களைப் பற்றிக் கணக்கெடுத்தது. அதையொட்டி நடிகை குஷ்புவின் அபிப்பிராயத்தையும் வெளியிட்டது. விவாகத்துக்கு முந்திய உறவைச் சமூகம் சகித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் கர்ப்பமும் நோயும் நேராதபடி எச்சரிக்கையாயிருக்க வேண்டும். இதுவே அவர் சொன்னதன் சாரம். முன்பு இதே நடிகைக்குத் திருச்சிப் பக்கத்தில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். இப்போதோ துடைப்பமும் செருப்பும் ஊர்வலமாய்ப் புறப்பட்டன! தமிழ்ப் பெண்களின் கற்பை இழிவு செய்துவிட்டார் என்று பாட்டாளி மக்கள் கட்சியினரும் விடுதலைச் சிறுத்தைகளும் முழங்கினார்கள். புகார்கள் இருபதுக்கு மேல் குவிந்தன. நவம்பரில் மேட்டூர் நியாயஸ்தலத்துக்கு அவர் வந்தபோது முட்டையும் தக்காளியும் பறந்தன.

ஆட்சேபித்தவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. பெருநகரத்து அடுக்கு மாளிகையில் வாழும் பெண்ணுக்குச் சுதந்திரமாகத் தோன்றுவது, சிற்றூர்ப் பெண்ணுக்கு விபரீதமாய் முடியலாம். ஆண்பிள்ளை வேட்டியை உதறிக்கொண்டு போய்விடுவான். குழந்தையைச் சுமப்பவள் அவளே. மாதர் விடுதலை பேசுவோர் இதைப் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பதே நமது அபிப்பிராயம். பீங்கான் பட்டறைப் பெண்ணின் கூலியைப் பற்றியும் இருமலைப் பற்றியும் எந்தப் பளபளப்பான பத்திரிகை கணக்கெடுத்தது?

ஆனால் துடைப்பம் ஏந்தியவர்களும் அவள் பெயரைச் சொன்னார்களே தவிர, அவளைக் கேட்டுவிட்டு வரவில்லை. கற்பை இருபாலாருக்கும் பொதுவில் வைக்கவேண்டுமென்று பாரதியார் கேட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஓடிப்போகிற ஆண்பிள்ளையின் வீட்டு வாசலில் ஒரு துடைப்பமாவது உயர்ந்ததா? பெரியார் ஈ. வெ. ரா. 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலில் கற்பையும் விவாகத்தையும் பற்றி எழுதியதோடு ஒப்பிட்டால், நடிகை சொன்னது வெறும் மோர்க் குழம்பு. அப்பெரியாரின் படத்துக்கு மாலை போடுகிறவர்களே இதற்குக் கொதித்தெழுந்ததுதான் வேடிக்கை.

வழக்குகளை ரத்து செய்யச் சென்னை ஹைகோர்ட் 2008-இல் மறுத்தது. 2010 ஏப்ரல் 28-ஆந் தேதி, பிரதம நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் சுப்ரீம் கோர்ட் அத்தனையையும் தள்ளிவிட்டது. பலருக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்வது குற்றமாகாது. வயது வந்த இருவர் மணமின்றிச் சேர்ந்து வாழ்வதும் குற்றமன்று என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் வேறு, ஒழுக்கக்கேடு வேறு. பிடிக்காத பேச்சை மறுக்கப் பேச்சு இருக்கிறது. அதற்குப் போலீஸ் எதற்கு? நம் வீட்டுப் பெண்ணுக்கு நாம் வேறு விதமாகப் புத்தி சொல்ல இந்தத் தீர்ப்பு குறுக்கே நிற்கவில்லை.

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே குஷ்பு தி.மு.க.வில் சேர்ந்தார்; 2014-இல் காங்கிரஸ், 2020-இல் பா.ஜ.க. என்று யாத்திரை தொடர்ந்தது. 2021 சட்டசபைத் தேர்தலில் அவர் ஆயிரம் விளக்குத் தொகுதியில் நின்று தோற்றார். அப்போது அவருடைய கட்சியின் தோழமைக் கட்சிகளில் ஒன்று எது தெரியுமா? பாட்டாளி மக்கள் கட்சி! அதே தேர்தலில் அக்கட்சி விருத்தாசலத்திலும் போட்டியிட்டது. அங்கே தே.மு.தி.க.வின் பிரேமலதா விஜயகாந்தும், தம் கணவர் 2006-இல் வென்ற அந்தத் தொகுதியில் நின்று பார்த்தார். இருவருக்கும் கிட்டாமல் காங்கிரஸ் ஜெயித்தது. துடைப்பங்களைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.