வான்குடையும் நம் வினாக்களும்

ரேச்சல் தாமஸ் அம்மையார் 1979-இல் ஆக்ராவில் வான்குடையுடன் முதன்முறை குதித்தார். 2002-இல் வடதுருவத்தின்மேலும் குதித்தார். 2005-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப் பற்றி அறியும்போது நமக்குள் வினாக்கள் பல எழுகின்றன.

குடை விரியாவிட்டால்? முதுகுப் பையில் குடைகள் இரண்டு உண்டு. ஒன்று விரியாவிடில் மற்றொன்றை விரிக்கலாம். குதிப்பவர் மயங்கிவிட்டாலும், குறித்த உயரத்தில் மாற்றுக் குடையைத் தானே விரிக்கும் கருவியும் உண்டு.

புதியவர் தனியே குதிப்பாரா? பெரும்பாலும் பயிற்சியாளருடன் பிணைக்கப்பட்டு, சுமார் 10,000 அடி உயரத்திலிருந்து குதிப்பார். நம் கொடைக்கானலே ஏறத்தாழ 7,000 அடிதான்! குடை விரியுமுன் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். பொதுவாக 18 வயது நிரம்பியவரையே சேர்ப்பர். ஆகவே பெற்றோர் இப்போதே அஞ்ச வேண்டியதில்லை.

பயில்வான் உடல் வேண்டுமா? வேண்டாம். ஆனால் இதயநோய், வலிப்பு, முதுகு அல்லது மூட்டுக் கோளாறு உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் குதிக்கலாகாது. சளி பிடித்திருந்தாலும் தள்ளிப்போடுவதே நலம். காற்றழுத்தம் விரைந்து மாறுவதால் காது கடுமையாக வலிக்கும். தனியே இறங்கப் பயில்வோர், பாதங்களையும் முழங்கால்களையும் ஒட்டிவைத்து, சற்றே மடக்கி, தரையில் உருளக் கற்கிறார்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர் நம் ஊரார். பலத்த காற்றடித்தால் குதிக்காமல் காத்திருப்பதே அங்கு விதி. தோழியரே, ஆவலோடு வந்தபின் "இன்று வேண்டாம்" என்று திரும்புவதற்கும் துணிவு வேண்டுமன்றோ!